மடுவு மீனுக்குப் பூக்கேட்டது

பொரி வேணுமுங்களா அம்மிணி? ஒரு பொட்டணம் வாங்கி ஆத்து மடுவுல வீசிப் பாருங்க. வேண்டாமுங்களா? சரி, சும்மாவாச்சும் உக்காருங்க. இந்தச் சாக்கு மேல உக்காருங்க, படிக்கட்டு ஈரம்.

நீங்க யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. மீன் ஆபீசுல இருந்து வந்திருக்கீங்க, பூசாரி குப்பண்ணன் மத்தியானமே சொல்லிப்போட்டாரு. அந்த போர்டு வெச்சதும் நீங்கதான? நான் இங்க உக்காந்து பூக்கட்டுனா நேரெதுக்கால அதுதான் தெரியுது. கண்ணை வேற எங்கீங்க கொண்டுபோய் வெக்கறது?

மேல பொம்மீனு, பொன்னாட்டம் செதிலு. வலையில விழுந்தா உடனே ஆத்துல விட்டுருன்னு போட்டிருக்குது. நடுவுல கெண்டையும் ஆராலும். மழை மாசத்துல புடிக்காதே, மத்த நாள்ல பெருசாப் பாத்துப் புடிச்சுக்கோங்குது. கீழ ஒரு மீனு, தட்டை மண்டையும் மீசையுமா. அது விழுந்தா திரும்பி ஆத்துல விடவே கூடாது, கொன்னுபோடுன்னு செவப்பு எழுத்து. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவதானுங்க. எழுத்துப் புரியுது, ஞாயம்தான் புரிய மாட்டேங்குது. ஒண்ண விடுங்கறீங்க, ஒண்ண விடாதீங்கறீங்க. எல்லாம் ஒரே தண்ணிக்குள்ளதான கெடக்குது? மீசையோட பொறந்தது அது பண்ணுன பாவமுங்களா?

என்னங்க? ஆமாங்க, தெரியுது. அது நம்மாத்து மீனில்லை, எந்த நாட்டு மீனோ. மத்த மீனோட குஞ்சு, முட்டை, ஒண்ணு விடாம முழுங்கிப்போடும். எனக்கு நீங்க சொல்லோணுமுங்களா? இந்தப் படிக்கட்டுலயே பாத்துட்டுத்தான இருக்கறன். முன்ன ஒரு கை பொரி போட்டா பொம்மீனு தங்கத் தகடாட்டத் திரும்பும். டவுன்ல இருந்து காரு போட்டுட்டு வந்து புள்ளைங்களுக்குக் காட்டுவாங்க. காலைத் தண்ணில விட்டா கெண்டைக் குஞ்சு வந்து வெரலக் கடிக்கும், அதுக்கே ஒரு சிரிப்பு. இப்பப் போட்டுப் பாருங்க. மீசை மட்டும் மேல வரும், அப்புறம் ஒரு வாயி. போன மாசம் ஒரு கொழந்தை வீல்னு கத்தி அப்பன் மேல ஏறிக்கிச்சு. என்ற யாவாரமும் படுத்துப்போச்சுங்க. ஆனா அதுக்காகக் கொல்றதாங்க?

நீங்க காலையிலயே சென்னியப்பன் அண்ணனைப் பாத்துட்டீங்கதான? அதான், மொகத்துலயே தெரியுது. என்ன சொல்லுச்சு? "மடுவாத்தா சாமியே வேண்டாம்னுட்டா, நான் மீசை மீனைக் கொல்ல மாட்டன்"னு சொல்லியிருக்கும். போர்டு என்ன, கலெக்டரே வந்தாலும் அதைத்தான் சொல்லும். இந்த ஊர்ல ஆத்துல வலை போடறது அந்த ஒரு குடும்பந்தானுங்க. நல்ல மனுசன். அத நெனச்சாத்தான்... அது கெடக்கட்டும், மொதல்ல இருந்து சொல்றன்.

அந்தப் பாறையில இருந்து இந்தப் படிக்கட்டு முடியற வரைக்கும் மடுவாத்தா மடுவுங்க. இதுக்குள்ள வலையும் ஆகாது, தூண்டிலும் ஆகாது. எந்த மீனா இருந்தாலும் ஆத்தா மீனு. மடுவுக்குக் கீழதான் அண்ணன் வலை போடும். அங்கயும் பொம்மீனு விழுந்தா கண்ணுல ஒத்திக்கிட்டு விட்டுரும். நீங்க போர்டு வெக்கறதுக்கு முன்னாலயே அதுக்கு அது தெரியும். கெண்டை, ஆராலு, கெளுத்தின்னு மத்ததைப் புடிச்சு அந்த வீட்டுச் சோறு நடந்துச்சு. மீசை வந்த பொறகு வலையெல்லாம் மீசைதான். அதை எவனும் வாங்க மாட்டேங்கறான். கீழ எத்தனை புடிச்சாலும் மடுவுல இருந்து எறங்கி வந்துட்டே இருக்குது. கீழ வலை போடலாம், ஆனா மீசை கொறைய மாட்டேங்குது. மடுவுல வலை போடப்படாது, மீசை அங்கதான் பெருகுது. நல்லா வந்து சிக்குச்சுங்க சட்டம்.

இது எப்படி மடுவுக்குள்ள வந்துச்சுன்னு கேக்கறீங்களா?

வெள்ளத்துல வந்துச்சுன்னு ஊரு சொல்லுது. மேல எங்கியோ பண்ணைக் குளம் ஒடைஞ்சிருக்கும்னு. நானும் ஆமான்னுதான் சொல்லீட்டு இருந்தன்.

நாந்தானுங்க விட்டன்.

அப்படிப் பாக்காதீங்க அம்மிணி. நான் கெடுதல் பண்ண விடலை. எனக்குக் கலியாணமாகி வரிசையா வவுத்துல தங்காமயே போச்சு. ஒண்ணு அஞ்சாம் மாசம் வரைக்கும் வந்துட்டுப் போச்சு, கையி காலெல்லாம் இருந்துச்சு. அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம், சொல்லலை. அப்ப ஒரு சோசியரு சொன்னாரு, சாகப்போற உசுர வெலைக்கு வாங்கி ஓடற தண்ணில விடு, அது பொழைச்சா உன்ற புள்ளையும் பொழைக்கும், வெளிய மட்டும் மூச்சு விட்டுராதன்னு. நான் சந்தைக்குப் போனன். கெண்டைதான் வாங்கலாம்னு நெனச்சன். பஸ்ஸுல வர்றதுக்குள்ள ஒண்ணு செத்தாக்கூட என்னாகும் சொல்லுங்க. செத்த மீனக் கையில வெச்சுட்டு நான் எப்படி வீடு வந்து சேருவன்? அந்தக் கடைக்காரன் ஒரு தொட்டியக் காட்டுனான். "இது சாகாதுக்கா, ஈரச்சாக்குல சுத்தி வெச்சாக்கூடப் பொழைச்சுக் கெடக்கும்"னான். சாகாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாம் பாருங்க, எனக்கு அது போதும். எந்தச் சாதி மீனு, என்ன திங்கும், எதுவும் கேக்கலை. கூடையில கொண்டாந்து இந்தப் படிக்கட்டுல நின்னு ஒவ்வொண்ணா விட்டன். ஒண்ணுகூடச் சாகலைங்க. வால அடிச்சுட்டுப் போச்சுங்க. நான் நின்னு அழுதன்.

அடுத்த வருசம் மிதுனா பொறந்தா. அந்த மீனுதாங்க காப்பாத்துச்சு. டாக்டரம்மா கர்ப்பப்பைக்குத் தையல் போட்டாங்க, அது வேற. எந்திரிக்கப்படாதுன்னு சொல்லி ஆறு மாசம் கட்டல்லயே கெடந்தன். என்ற ஊட்டுக்காரரு லாரிக்குப் போயிருவாரு. சென்னியப்பன் அண்ணன் சம்சாரம் செல்லாயக்காதான் கஞ்சி வெச்சுக் குடுத்து, துணி தொவைச்சுப் போட்டுட்டு இருந்துச்சு. வலி வந்தன்னிக்கு ஆத்துல வெள்ளம். பாலத்துமேல தண்ணி போகுது. ஆம்புலன்சு அக்கரையில நிக்குது, இக்கரைக்கு வரமாட்டேனுட்டான். அண்ணன்தான் பரிசல்ல போட்டு, மழையில துடுப்பு வலிச்சு, சுழல்ல ரெண்டு தடவை சுத்தி, கொண்டுபோய்ச் சேத்துச்சு. அதெல்லாம் கெடக்கட்டும். நான் சொல்றது, புள்ள தங்குனது அந்த மீனுனால. அது மடுவுல நல்லா இருந்தாத்தான் இவ நல்லா இருப்பா. இவளுக்குக் காச்சல் வந்தா நான் மாத்திரை குடுத்துட்டு நேரா இங்கதான் வருவன், மீசை மேல வருதான்னு பாக்க.

இப்பச் சொல்லுங்க. கொல்லுன்னு போர்டு வெச்சா எனக்கு எப்படி இருக்கும்?

பத்து நாளைக்கு முன்னால ஊர்க்கூட்டம் போட்டாங்க. அண்ணன் ஒரு பக்கெட்டுல தண்ணி ஊத்தி, ஒரு பொம்மீன் குஞ்சும் ஒரு மீசையும் உசுரோட கொண்டாந்துச்சு. எல்லாருத்துக்கும் காட்டுச்சு. "மடுவுல இந்தச் சாதியை மட்டும் எடுக்க விடுங்க. வலையில வர்ற மத்ததெல்லாம் ஒண்ணொண்ணாக் கையில எடுத்துத் திருப்பி விட்டர்றன். ஆத்தா மீனு மேல என்ற நெகம் படாது"ன்னுச்சு. ஞாயமாத்தான் பேசுச்சு. எல்லாரும் தலையாட்டுனாங்க. நான் எந்திரிச்சன். "இன்னிக்கு மீசைம்பீங்க, நாளைக்குச் செதிலும்பீங்க. ஆத்தா மடுவுக்கு நீங்க யாரு சட்டம் போட? ஆத்தாளையே கேளுங்க, பூக் கேளுங்க"ன்னன். பொம்பளை கூட்டத்துல பேசுனா ஒருத்தனும் காது குடுக்க மாட்டான். அன்னிக்குப் பாத்து எல்லாரும் குடுத்தாங்க. அண்ணன்கூட, "தங்கச்சி சொல்றது சரிதான், கேட்டுப் போடலாம்"னுச்சு.

பூக்கேக்கறது உங்க பக்கம் இல்லீங்களா? ரெண்டு வாழையெலைத் துண்டு. ஒண்ணுல வெள்ளை அரளி, ஒண்ணுல செவ்வரளி. ஒரே மாதிரி மடிச்சு நூல் கட்டி ஆத்தா காலடியில போட்டு, வயசுக்கு வராத ஒரு பொட்டப்புள்ளைய விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தா ஆத்தா சரிங்கறா. செவப்பு வந்தா வேண்டாங்கறா. எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கப்படாது, அப்படியே ஆத்துல விட்டரோணும். மடிக்கறது எப்பவுமே பூக்காரி. பூசாரி மடிச்சா ஊரு சந்தேகப்படுமுன்னு அந்தக் காலத்துலயே அப்படி ஒரு ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கெழமை ஊரே கூடிருச்சு, அண்ணனும் அந்தப் பக்கெட்டோட வந்து நின்னுச்சு. நான் தூணு மறைவுல உக்காந்து மொதல் பொட்டணத்துல செவப்ப வெச்சு மடிச்சன். கையில அடுத்தது வெள்ளையத்தான் எடுத்து வெச்சிருந்தன். சத்தியமுங்க, வெள்ளையத்தான் எடுத்தன். அப்பப் பூசாரி கூப்புடறாரு, "மிதுனா, நீ வா சாமி, நீ எடு"ன்னு. எத்தனை புள்ளைங்க நிக்குதுங்க, என்ற புள்ளதான் கண்ணுக்குத் தெரிஞ்சாளா அவருக்கு? வெள்ளைய அவ எடுத்துட்டா? அந்த மீனுனால வந்த உசுரு இவ, இவ கையாலயே அதுக்கு எமன வர வெச்சா? கை என்ன பண்ணுதுன்னே தெரியலை. பாத்தா ரெண்டாவது எலையிலயும் செவப்பு இருக்குது. நூலும் கட்டியாச்சு.

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. கேளுங்க.

அவ எடுத்தா. பூசாரி பிரிச்சாரு. செவப்பு. இன்னொண்ண நாந்தான் கொண்டுபோய் ஆத்துல விட்டன். அண்ணன் கோவிச்சுக்கும், நாலு வார்த்தை பேசும், நானும் பதிலுக்குப் பேசிப்போடலாம்னு இருந்தனுங்க. அது என்ன பண்ணுச்சு தெரியுமா? பக்கெட்டத் தூக்கிட்டுப் போயி பொம்மீன் குஞ்சையும் மீசையையும் ரெண்டையும் மடுவுல விட்டுச்சு. அப்புறம் வந்து, நரைச்ச தலைங்க, என்ற புள்ள கால்ல விழுந்துச்சு. "தெரியாமக் கேட்டுப் போட்டன் ஆத்தா, மன்னிச்சுக்கோ"ன்னுச்சு. இவ பயந்துட்டு என்ற சேலைய வந்து புடிச்சுக்கிட்டா.

அதுல இருந்து அது கீழ போடற வலையில விழற மீசையக்கூடத் திருப்பி விட்டுருது. ஆத்தா உசுரு, தொடப்படாதாம். நான் மடுவுக்குத்தான் கேட்டன், அது மொத்த ஆத்துக்கும் எடுத்துக்கிச்சு. உங்க போர்டு அதும்பாட்டுக்கு நிக்குது. இப்பச் சாய்ங்காலத்துலதான் பஸ் எறங்கி வருது, அரிசி மில்லுல மூட்டை தூக்கப் போகுது. அந்த வயசுல மூட்டை. செல்லாயக்கா என்னையப் பாத்தா இப்பவும், "கண்ணு, புள்ள சாப்புட்டாளா?"ன்னுதான் கேக்கும். ஒரு தடவ திட்டிப்போட்டா எனக்கு நல்லா இருக்கும். திட்ட மாட்டேங்குது.

நான் தப்புப் பண்ணலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தனுங்க. பெத்தவ பண்றதுதான், எந்தப் பெத்தவளும் பண்ணுவா. பாக்கப்போனா ஒரு வாரமா மிதுனா சரியா சோறு திங்கறதில்லை. யாரோ மீனைக் கொல்றாங்கன்னு நெனச்சன். உங்க போர்டு வந்த நேரமுன்னு நெனச்சு, வாய்க்கு வந்தபடி உங்களத்தான் திட்டுனன், தப்பா எடுத்துக்காதீங்க. மடுவுல வந்து பாத்தா மீசை கொழுகொழுன்னு மேயுது. ஒண்ணும் சாகலை. அப்புறம் ஏன்?

நேத்து வெடியால தலை பின்னி உடறப்பக் கேட்டன். "அம்மா, நான் வெள்ளைதான் வரோணும்னு நெனச்சுட்டு எடுத்தன். சென்னியப்பன் மாமனுக்காக. எங்கையி தப்பாப் போயிருச்சு"ங்கறா. அந்தக் கைய நான் பாக்கவே இல்லீங்க அதுவரைக்கும். சோத்தாங்கைய மடக்கிப் பாவாடைக்குள்ள வெச்சிருக்கறா. எதுக்கும் நீட்ட மாட்டேங்கறா. எடது கையில சோறு திங்கறதுக்குத்தான் கூச்சப்பட்டுட்டுப் பாதி வட்டலோட எந்திரிச்சிருக்கறா. பள்ளிக்கூடத்துல எழுதறதுமில்லைன்னு டீச்சர் சொல்லி விட்டிருக்காங்க.

மீனுக்கு ஒண்ணும் ஆகலை அம்மிணி. எம் புள்ளைக்கு ஆயிப்போச்சு. யாருனாலன்னு நீங்க சொல்ல வேண்டாம்.

ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணுனன். அந்த மீனுதான் இவளக் கொண்டாந்துச்சா, இல்ல அந்தத் துடுப்பு வலிச்ச கை கொண்டாந்துச்சான்னு மொத மொதல்ல ஒரு நெனப்பு வந்துச்சு. வந்தொடனே வாயப் பொத்திக்கிட்டன், சாமி காதுல விழுந்துருமுன்னு. அப்புறம் ஒரு வழி தோணுச்சு. அதுக்குத்தான் உங்கள உக்காரச் சொன்னன், பொரி விக்க இல்லை.

வர்ற வெள்ளிக்கெழம மறுக்கா பூக்கேக்கச் சொல்லுங்க. ஒரே கேள்வியத் திருப்பிக் கேக்கறது வழக்கமில்லை. ஆனா ஆபீசரு வந்து கேட்டாங்கன்னா பூசாரி ஒத்துக்குவாரு. எனக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லிப்போடறன். நீங்க மடிங்க. புள்ள எடுக்கட்டும். இந்தாங்க, பூவையும் எலையையும் கையோட குடுத்தர்றன், பழகிக்கோங்க. இப்படி ஓரத்த உள்ள தள்ளி, நுனிய மேல கொண்டாந்து...

எதுக்குங்க செவப்பு? வேண்டாமுங்க, வெள்ளை மட்டும் போதும். ரெண்டுலயும் வெள்ளையே வைங்க. அவ எதை எடுத்தாலும் வெள்ளை வரோணும். அண்ணன் மடுவுல வலை போடட்டும். மீசை போனாப் போகுது. அவ அந்தக் கைய நீட்டோணும், அவ்வளவுதான் எனக்கு.

ஏனுங்க மொகத்தத் திருப்பிக்கறீங்க? நல்லதுக்குத்தான சொல்றன்? என்னது, ஊர்ல உண்மையச் சொல்லீருன்னா? சொல்லிப்போட்டு நான் இந்தப் படிக்கட்டுல எந்த மொகத்த வெச்சுட்டுப் பூ விக்கறதுங்க? சென்னியப்பன் அண்ணன் மொகத்த எப்படிப் பாக்கறது? எம் புள்ள நாளைக்கு என்னைய என்னன்னு நெனப்பா?

பேசாதீங்க, பேசாதீங்க, அதா வர்றா. பையத் தூக்கிட்டு வர்றா பாருங்க.

வா சாமி. தண்ணி குடிச்சியா? இவங்க மீன் ஆபீசரம்மா. வணக்கம் சொல்லு கண்ணு.

ஒரு கையில யாராச்சும் வணக்கம் சொல்லுவாங்களா? ரெண்டு கையும் சேத்துச் சொல்லு. அந்தக் கையையும் எடு. எடு சாமி. பின்னால ஒளிச்சுக்காத. அம்மா அடிக்க மாட்டன், அழுகாத.

மிதுனா. இங்க வந்து அம்மா மடியில உக்காரு. குடு அந்தக் கைய. இந்தக் கையி ஒண்ணுமே பண்ணலை சாமி. கேளு, அம்மாளப் பாத்துக் கேளு. நீ எந்தப் பொட்டணத்த எடுத்திருந்தாலும் செவப்புதான் வந்திருக்கும். ரெண்டுலயும் செவப்புதான் இருந்துச்சு. வெச்சது இந்தக் கை. அம்மா கை. உன்ற கை நல்ல கை. நீ மாமனுக்காக வெள்ளை வேணும்னுதான எடுத்த? ஆத்தாளுக்கு அது தெரியும்.

ஏனா? ஏன்னு சொல்றன் கண்ணு. போற வழியில சொல்றன்.

அம்மிணி, அந்தப் பூவக் கூடையிலயே போட்டுருங்க. பொரிச் சட்டி அப்படியே இருக்கட்டும், எவனும் தூக்க மாட்டான். அண்ணன் வர்ற பஸ்ஸு இப்ப வந்துரும். எந்திரிங்க, நீங்களும் கூட வாங்க. நான் தனியாப் போனா பாதி வழியில அந்த வேப்பமரத்தோட திரும்பி வந்துருவனுங்க.